கருத்துத் தாளின் ஆறாவது கேள்வி

அன்பு மகள் குட்டிமாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு வரும் முதல் நினைப்பு. மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் அதற்குத்தான் இந்தக் கடிதம் முழுவதும். ஞாயிறு தவறாமல் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள், அதையும் வீட்டுக்கு அனுப்பாமல் நீ வேலை பார்க்கிற பரிசோதனைக் கூடத்து விலாசத்துக்கு, ஒரு பழைய கதைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்து எதற்கு அனுப்புகிறாள் என்று உனக்குத் தோன்றும். போன ஞாயிறு நீ பேசும்போது உன் குரலுக்குப் பின்னால் இன்னொருவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாயா என்றேன். நீ வாயைத் திறப்பதற்குள், உன் வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளையே, "ஆமா அத்தை, நானும் கேட்டுட்டுதான் இருக்கேன், எங்களுக்குள்ள ரகசியமே கிடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்தது, சமையலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். இந்த மாதிரிக் காதல் கதைகள் என்றால் அவருக்கு இளக்காரம், கையால்கூடத் தொட மாட்டார் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதனால்தான் இந்தப் புத்தகத்துக்குள் வைத்தேன். இப்போதைக்கு உனக்கும் எனக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ஒரே தனி அறை இதுதான்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வழக்கம்போல ஊர்க்கதையில் போய்விடுவேன். மாசக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்கப் போகிறாய் என்று சொன்னாய் அல்லவா, இதை முழுவதும் படித்து முடிக்கிற வரைக்கும் அந்தக் காகிதத்தைக் கொடுத்துவிடாதே. இரவுப் பணி முடிந்து வண்டியில் இரண்டு ஆண்களோடு வருகிறாய் என்பது அவருக்குப் பிடிக்கவில்லை, சரி. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று மாசம் இருக்கும்போதே விடச் சொல்கிறார், அதையும் சரி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்கு முந்தின வாரம் உன் போனைச் சுவரில் அடித்து உடைத்தாரே, அதைச் சரி என்று வைத்துக்கொள்ள எனக்கு வரவில்லை குட்டிமா. நீ அன்று, "உடைச்ச அன்னிக்கே புதுசு வாங்கிட்டு வந்தாரும்மா, காலைப் பிடிச்சிட்டு அழுதாரு, பாசம் ஜாஸ்திம்மா அவருக்கு, அதான் கோபமா வருது" என்று சொன்னாய். அதற்கு அடுத்து நீ சொன்னதுதான் இரண்டு வாரமாக என்னைப் போட்டு அரிக்கிறது. "உனக்கே தெரியுமே, நம்ம கதையில வர்றவன் மாதிரிதான், கடைசியில மாறிடுவாரு பாரேன்" என்றாய். அந்த நிமிஷமே பதில் சொல்லியிருக்க வேண்டும். ரசம் கொதிக்கிறது என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. கடிதம் இரண்டு வாரம் தாமதம் என்று நீ நினைப்பாய், உண்மையில் பதின்மூன்று வருஷத் தாமதம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

வீட்டில் பெரிதாக ஒன்றும் விசேஷமில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி விட்டபாடில்லை. லிப்டைச் சரிசெய்யப் போகிற மனுஷன் லிப்ட் ஓடாததால் பதினோரு மாடி படியேறிப் போக வேண்டியிருக்கிறது, இதைவிட வேடிக்கையான உத்தியோகம் உலகத்தில் உண்டா என்று நான் சொன்னால் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. உன் அறை ஜன்னலில் கொசுவலை கிழிந்துவிட்டது, மாற்றச் சொல்லி மூன்று முறை சொல்லிவிட்டேன். மாடிவீட்டு டைப்பிஸ்ட் அம்மாள் என்னையும் உன்னையும் பழைய போட்டோவில் பார்த்துவிட்டு அக்கா தங்கையா என்று மறுபடியும் கேட்டாள். பத்தொன்பது வயதில் உன்னைப் பெற்றதற்கு எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். போன் உடைந்த கதையை அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு அந்தப் பையன்மேல் நல்ல அபிப்பிராயம், பொறுப்பானவன், மருந்துக் கம்பெனியில் நல்ல இடத்தில் இருக்கிறான், குடிப்பதில்லை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பால்கனியில் போய் நின்றார். பிறகு உள்ளே வந்து, "புதுசு வாங்கிக் குடுத்துட்டான்ல" என்றார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "கதவு எதாவது பூட்டினானா, கேட்டியா?" என்றார். கேட்கவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது உனக்குத் தெரியாது. அதற்கும் வருகிறேன்.

என் வேலையைப் பற்றி உனக்கு முழுவதும் தெரியாது. அம்மா பதிப்பகத்துக்குக் கதை படித்துக் கொடுக்கிறாள் என்பது மட்டும் தெரியும். பேட்டரிக் கடைக்கு மேலே உள்ள அந்த இரண்டு அறை ஆபீசில் வியாழக்கிழமை போய்க் கையெழுத்துப் பிரதியை வாங்கி வருவேன், அடுத்த வியாழன் திருப்பிக் கொடுப்பேன். முதலாளியை நாங்கள் 'ஃபாரம்' என்றுதான் சொல்வோம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம், அச்சில் அந்தக் கணக்குத்தான், அவர் யார் எந்தக் கதையைச் சொன்னாலும் 'எத்தனை ஃபாரம் வரும்' என்றுதான் கேட்பார். என்னை வேலைக்கு எடுத்தபோது, "காலேஜ் முடிச்சுட்டு கைக்குழந்தையோட வீட்ல உக்காந்திருக்கற பொண்ணுங்கதாம்மா நம்ம வாசகர், நீங்க அழுதா ஊரே அழும்" என்று சொன்னார். எனக்கு அது பெருமையாக இருந்தது, தொலைநிலைக் கல்வியில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு படித்து வாங்கிய பட்டத்துக்கு அப்போதுதான் யாரோ மரியாதை கொடுத்த மாதிரி. ஒவ்வொரு கதைக்கும் ஒரு கருத்துத் தாள் நிரப்ப வேண்டும். ஆறு கேள்வி. நாயகனைப் பிடித்ததா, நாயகிமேல் எங்கே கோபம் வந்தது, எந்தப் பக்கத்தில் அழுகை வந்தது, எந்தப் பக்கத்தில் தூக்கம் வந்தது, எதை வெட்டலாம், முடிவு சரியா இல்லையென்றால் எப்படி இருக்க வேண்டும். மனசில் பட்டதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. எழுதியவர் யார் என்று எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், படித்தவர் யார் என்று அவர்களுக்கும் தெரியாது.

இப்போது வருகிற கதைகளைப் பற்றி மனசில் பட்டதை உனக்கும் ஒளிக்காமல் சொல்கிறேன். இந்த வருஷம் நாற்பது படித்தேன். அதில் இருபத்தாறில் நாயகன் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். சும்மா பிடிப்பதில்லை, சிவக்கிற மாதிரி. கண்ணும் சிவக்கிறது, எல்லாருக்கும் கண் ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுக்கலாம் போல. எல்லாரும் ஆறடி, எல்லாருக்கும் சொந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது, மீட்டிங்கை ரத்து செய்வது ஒன்றுதான் வேலை. நாயகி முதல் அத்தியாயத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள், நான்காவது அத்தியாயத்துக்குப் பிறகு அந்தப் படிப்பு எங்கே போனது என்று தேடினால் கிடைக்காது. பாத்திரம் தேய்க்கிறவர் யாரும் இல்லை, தலைவலி வருகிறவர் யாரும் இல்லை, நாயகியின் அம்மா ஒன்று செத்துப்போயிருப்பாள் அல்லது அழுதுகொண்டே இருப்பாள். ஒருவேளை அதனால்தான் நானும் அழுதுகொண்டே எழுதுகிறேனோ என்னவோ. இப்போதெல்லாம் கதை முதலில் இணையத்தில் தொடராக வந்து பிறகுதான் எங்களிடம் வருகிறது, அத்தியாயத்துக்குக் கீழே வாசகர்கள் எழுதியதையும் சேர்த்து அச்சடித்துத் தருவார்கள். ஒரு கதையில் அவன் அவளை நள்ளிரவில் காரிலிருந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். கீழே முந்நூறு பேர் எழுதியிருந்தார்கள். 'ஹீரோ பாவம், உள்ளுக்குள்ள எவ்ளோ வலி' என்று ஒருத்தி, 'எனக்கும் இப்படி ஒரு ராட்சசன் வேணும்' என்று இன்னொருத்தி. ரோட்டில் நிற்கிறவள் எப்படி வீட்டுக்குப் போனாள் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்தேன்.

இதை வைத்துக் காதல் கதையே குப்பை என்று நான் சொல்வதாக நினைக்காதே. அப்படிச் சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, அவர்கள் படிக்காமலே சொல்கிறவர்கள். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் கிடந்த வருஷங்களில் இந்தக் கதைகள்தான் எனக்கு ஆள். போன மாசம்கூட ஒன்று வந்தது, இரண்டு பேரும் ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கிறவர்கள், முப்பத்தைந்து தாண்டியவர்கள். அவள் தன் பழைய கதையைச் சொல்ல ஆரம்பிக்கிறாள், மூன்று பக்கம் பேசுகிறாள், அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை, முடித்ததும் 'தண்ணி குடிக்கிறீங்களா' என்று கேட்கிறான். எந்தப் பக்கத்தில் அழுகை வந்தது என்ற கேள்விக்கு அந்தத் தண்ணீர்ப் பக்கத்தை எழுதினேன். ஃபாரம் படித்துவிட்டு, "தண்ணி குடிக்கறதுக்கெல்லாம் அழுதா எப்படிம்மா, இது ஓடாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அதாவது, நல்லது வருகிறது குட்டிமா, வந்துவிட்டு வாசலோடு போய்விடுகிறது. வாசலில் நிற்பதில் நானும் ஒருத்தி என்பதுதான் விஷயம்.

இந்தப் பார்சலில் உள்ள புத்தகத்தைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்திருக்கும். உன்னுடைய பிரதிதான், நீ விட்டுப்போனது. பதினாறு வயதில் மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்துப் படித்தாய், எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். நானே படித்துத் தேர்ந்தெடுத்த கதையை என் பெண் நான்கு முறை படிக்கிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷம்கூட. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தை மூலையில் மடித்து வைத்திருக்கிறாய். அவளுக்கு வந்த வேலை உத்தரவைக் கிழித்துப் போட்ட அதே ஆள் துண்டுகளை எல்லாம் ஒட்டி எடுத்துக்கொண்டு வந்து பஸ் நிலையத்தில் அழுகிற பக்கம். அடுத்த பக்கத்தில் அவள் அவனோடு திரும்பி வருகிறாள். அதற்கடுத்த பக்கத்தில் அவன் காலையில் எழுந்து காபி போட்டுக் கொடுக்கிறான், ஆள் அடியோடு மாறிவிட்டான், புத்தகம் முடிந்தது. பதினோரு பதிப்பு போயிருக்கிறது. குட்டிமா, அந்தக் கடைசி இரண்டு பக்கம் எழுதியவர் தானாக எழுதியதில்லை. நான் எழுதச் சொன்னது. எழுதியவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தர், புத்தகம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் கொடுத்த பிரதியில் அவள் திரும்பி வரவில்லை, பஸ் ஏறிப் போய்விடுகிறாள். நான் ஆறாவது கேள்விக்கு நேராக எழுதியது எழுத்து மாறாமல் எனக்கு நினைவிருக்கிறது: 'அவள் திரும்பி வர வேண்டும். அவன் அழுத பிறகும் போகிறவளை யாருக்கும் பிடிக்காது. அவன் மாறிவிட்டதை ஒரு பக்கத்திலாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் படிக்கிற எங்களுக்கு என்ன மிச்சம்?' ஃபாரம் அதை நகலெடுத்து அப்படியே பிரதியோடு குத்தி அந்த டீச்சருக்கு அனுப்பிவிட்டார்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதுதான் பதின்மூன்று வருஷமாக யாரிடமும் சொல்லாதது. உனக்கு அப்போது பத்து வயது. பெரியம்மா வீட்டில் பதினெட்டு நாள் போய் இருந்தோமே, லீவு என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போனேனே, நீகூடப் பள்ளிக்கூடம் நடக்கும்போது என்னம்மா லீவு என்று கேட்டாய். அது லீவு இல்லை. அப்பாவுக்கு அந்தக் காலத்தில் கோபம் வந்தால் அடிக்க மாட்டார், கத்தவும் மாட்டார். வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார். மூன்று முறை. உனக்கு நினைவிருக்கும், 'இன்னிக்கு வீட்டுக்குள்ளயே பிக்னிக்' என்று போர்வையை நாற்காலிமேல் போட்டுக் கூடாரம் கட்டி விளையாடினோமே. நீ இப்போதும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாய், நான் ஒவ்வொரு முறையும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். மூன்றாவது முறை உனக்குக் காய்ச்சல். அடுத்த வீட்டுக்காரர் ஜன்னல் கம்பி வழியாக மாத்திரை கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அன்று ராத்திரி அப்பா வந்து கதவைத் திறந்ததும் ஒன்றும் கேட்காமல் சமைத்துப் போட்டேன். மறுநாள் அவர் வேலைக்குப் போனதும் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன், பையில் உன் துணி, என் துணி, வேலைக்கு வந்திருந்த அந்தக் கையெழுத்துப் பிரதி. பெரியம்மா, "வந்தது சரிதான்டி, ஆனா என்னிக்குப் போறே?" என்று தினமும் காலையில் கேட்பாள், கெட்ட எண்ணமில்லை, அவள் வீட்டில் இருந்ததே ஒன்றரை அறை. பதினெட்டாம் நாள் அப்பா வந்தார். அழுதார். அதற்கு முன்பும் பின்பும் அவர் அழுது நான் பார்த்ததில்லை. புதிதாக ஒரு மாற்றுச்சாவி போட்டுக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். சாயங்காலம் பஸ்சுக்குப் போக வேண்டும், தவணை கேட்டு வைத்திருந்த பிரதியை மறுநாள் கொடுக்க வேண்டும். பையைக் கட்டி வைத்துவிட்டு, அதன்மேலேயே தாளை வைத்து ஆறாவது கேள்விக்குப் பதில் எழுதினேன். அவள் திரும்பி வராவிட்டால் நான் மட்டும் எப்படித் திரும்பிப் போவது? கதையில் இருந்தவளை இழுத்துக்கொண்டு நானும் வீட்டுக்கு வந்தேன்.

அப்பா மாறினாரா என்று கேட்பாய். பூட்டியதில்லை, அன்றிலிருந்து ஒருநாளும் இல்லை. ஆனால் அடுத்த பக்கத்திலேயே காபி போட்டுக் கொடுக்கவும் இல்லை. கோபம் வந்தால் இருபது நாள் பேச மாட்டார், நீ பார்த்திருக்கிறாய். நூற்றுக்கு முப்பது மாறினார் என்று வைத்துக்கொள், அந்த முப்பதை வைத்துத்தான் ஓட்டினேன், ஓட்ட முடிந்தது. அவர் கெட்டவர் இல்லை, உன் அப்பாவை நீ வெறுக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன். அந்தச் சாவியை நான் பதின்மூன்று வருஷமாகக் கையைவிட்டுப் பிரித்ததில்லை. குளிக்கப் போனாலும் ஜன்னல் விளிம்பில் என்னோடு இருக்கும். திறந்திருக்கிற வீட்டுக்குள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு திரிகிறவளைப் பற்றி இதுவரை எந்தக் கதையும் என் கைக்கு வரவில்லை.

போன வாரம் ஃபாரத்திடம் விலாசம் கேட்டு வாங்கி அந்த டீச்சரைப் பார்க்கப் போனேன். பழைய முடிவை வாங்கி உனக்கு அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார், இன்னும் பிள்ளைகளுக்கு வீட்டில் கணக்கு சொல்லித் தருகிறார் போல, மேஜை முழுக்கப் பென்சில் சீவல். அந்தப் புத்தகத்துக்குக் கருத்துத் தாள் எழுதியவள் நான்தான் என்று சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தார். "பதிமூணு வருஷம் கழிச்சு திருத்தம் கொண்டாந்திருக்கீங்களா, அச்சுக்குப் போயாச்சேம்மா" என்றார். நான் அழ ஆரம்பித்துவிட்டேன், உனக்குத்தான் தெரியுமே என்னை. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது சண்டை போட்டாராம், ஃபாரத்திடம் நேரில் போய், "இருபது அத்தியாயமா இவளுக்கு நடக்கக் கத்துக் குடுத்திருக்கேன், இப்பப் போய் திரும்பச் சொல்றீங்களே" என்று கேட்டாராம். அதற்கு ஃபாரம் 'வாசகி சொல்றாங்க' என்று என் தாளைக் காட்டினாராம். வாசகியே சொல்லிவிட்ட பிறகு என்ன பேசுவது என்று டீச்சர் வந்துவிட்டாராம். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு கதையும் எழுதவில்லை. புத்தகம் ஓடியதில் அவருக்கு ஏக மரியாதை, கல்யாணமான பெண்கள் தேடி வந்து கையெழுத்து வாங்குவார்களாம். "ஒருத்தி வந்தா. உங்க கதையைப் படிச்சுட்டுதாங்க நான் அவர்கிட்டயே திரும்பிப் போனேன்னா. கையில கட்டு. கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். என்ன பண்ணச் சொல்றீங்க" என்றார். பழைய முடிவு அவரிடமும் இல்லை, அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டாராம். மறுநாள் பதிப்பக ஆபீஸ் அலமாரியிலும் தேடினேன், என் கருத்துத் தாள்தான் இருந்தது, பத்திரமாக. டீச்சரிடம் உன்னைப் பற்றியும் சொன்னேன். மேஜைமேல் இருந்த பென்சில் சீவலைக் கையால் ஒதுக்கிவிட்டு, "உங்களுக்கு நினைவிருக்குல்ல, நீங்களே எழுதி அனுப்புங்க. கெடுத்தது நீங்கதானே" என்றார். வாசல்வரை வந்து நான் செருப்பு மாட்டும்வரை நின்றார், கோபமாக இருந்தாரா இல்லையா என்று எனக்குப் புரியவில்லை.

நினைவிருக்கிறது. நடை அவருடையது போல வராது, நடந்ததை மட்டும் சொல்கிறேன். மழை. பஸ் நிலையம். அவன் ஒட்டிய துண்டுகளோடு வந்து அழுகிறான், நீ மடித்து வைத்த பக்கத்தில் இருக்கிற அதே வார்த்தைகள்தான், அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை, அதுதான் அந்த டீச்சரின் கெட்டிக்காரத்தனம். அவன் நிஜமாகவே அழுகிறான். அவள் முழுவதும் கேட்கிறாள். நனைகிறாயே என்று தன் குடையை அவன் கையில் கொடுக்கிறாள். பஸ் வருகிறது, ஏறிக்கொள்கிறாள். அவன் வில்லனாக மாறவில்லை, பின்னால் ஓடி வரவில்லை, குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். ஜன்னல் ஓரம் இடம் கிடைக்கிறது. பசிக்கிறது, பையிலிருந்து ஒரு பன்னை எடுத்துத் தின்கிறாள். அப்புறம் பைக்குள் கையை விட்டுச் சான்றிதழ் ஃபைல் நனையாமல் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். இருக்கிறது. அதோடு கதை முடிகிறது. சந்தோஷமாகப் போகிறாள் என்று எங்கேயும் இல்லை. அன்று அதைப் படித்தபோது என்ன முடிவு இது, பன் தின்கிறாளாம் என்று எரிச்சலாக வந்தது. இப்போது தினமும் அந்தப் பன்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

உன் சான்றிதழ் ஃபைல் யாரிடம் இருக்கிறது? பத்திரமாக இருக்கட்டும் என்று அவர் வாங்கி வைத்திருப்பதாகப் போன மாசம் நீ பேச்சோடு பேச்சாகச் சொன்னாய், நான்தான் கவனிக்கவில்லை. எதாவது காரணம் சொல்லி, பதவி உயர்வுக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லியாவது, அதைத் திரும்ப வாங்கிப் பரிசோதனைக் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டு. அப்பா கேட்டதையும் உன்னிடம் கேட்கிறேன். கதவு எதாவது பூட்டினாரா? போனில் இதற்குப் பதில் சொல்ல உன்னால் முடியாது. அதனால் ஞாயிறு பேசும்போது, அவர் பக்கத்தில் இருந்தாலும் பரவாயில்லை, புத்தகத்தைப் பற்றி நான் கேட்பேன். படிக்க நேரமில்லை என்று நீ சொன்னால் இன்னும் யோசிக்கிறாய் என்று எடுத்துக்கொள்வேன், மேலே ஒன்றும் கேட்க மாட்டேன். கடைசிப் பக்கம் வரைக்கும் படித்துவிட்டேன் என்று சொன்னால் என்னைக் கூப்பிடுகிறாய் என்று அர்த்தம், அன்று சாயங்காலமே உன்னிடம் வரப் பஸ் ஏறிவிடுவேன். ஒன்றாம் தேதியிலிருந்து பத்தாம் தேதிவரை எனக்குப் பிரதி எதுவும் வேண்டாம் என்று ஃபாரத்திடம் சொல்லிவிட்டேன். கல்யாணத்துக்குத் துணி எடுக்கவா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

இன்னொருத்தியின் முடிவை ஒருமுறை எழுதிக் கெடுத்தவள் நான். உன்னுடையதையும் எழுத மாட்டேன் என்று தீர்மானித்துத்தான் உட்கார்ந்தேன், படித்துப் பார்த்தால் வரிக்கு வரி எழுதித்தான் வைத்திருக்கிறேன். பெற்றவள் கை, என்ன செய்வது. இருந்தாலும் ஆறாவது கேள்விக்கு நேராக இந்த முறை ஒன்றும் எழுதாமல் விடுகிறேன். அவரையே கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்னாலும் நான் உன் அம்மாதான், உன் வீட்டுக்கு வருவேன், அவர் அழைத்தாலும் அழைக்காவிட்டாலும். ஆனால் நீ வேலையில் இருக்கிற பெண்ணாக, உன் ஃபைல் உன் கையில் இருக்கிற பெண்ணாக அந்த முடிவை எடு. நேரத்துக்குச் சாப்பிடு, இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, ரத்தக் குப்பிகளைத் தொடும்போது கையுறை இல்லாமல் தொடாதே. எங்கே இருந்தாலும் நல்லா இரு, பயமில்லாமல் தூங்கு. அது ஒன்றுதான் என் ஆசீர்வாதம்.

புத்தகத்தின் பின்னட்டையைத் தடவிப் பார், உள்பக்கம் காகிதம் ஒட்டியிருக்கும், மெதுவாகப் பிரி. அந்த மாற்றுச்சாவி இருக்கிறது. பூட்டு இன்னும் அதே பூட்டுதான். நேற்றிலிருந்து கை காலியாக இருக்கிறது, பழக இரண்டு நாள் ஆகும் போல. நீ எந்த நேரத்தில் வந்தாலும் மணி அடிக்க வேண்டாம், யாரையும் எழுப்ப வேண்டாம், திறந்துகொண்டு உள்ளே வா.

உன்
அம்மா

பி.கு. எப்போதும் அப்பா ஒரு வரி எழுதுகிற இடம் இது. நான் எழுதுவதைப் பார்த்தார், யாருக்கு என்று கேட்கவில்லை. பேனா மூடியைக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு உன் அறைக்குள் போனார். கொசுவலையைக் கழற்றுகிற சத்தம் கேட்கிறது.